லீவை சாவேஜ்: எச்சரித்துவிட்டுக் கூடவே நடந்தவர்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன? சிலர் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தார், ஏன் வந்தார், வருகிற வழியில் என்ன பாடுபட்டார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம்.

இந்தக் கேள்விக்குத் தேதி வாரியாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் அதிகம் வாழும் மார்மன் மக்கள். குடும்ப உறவு சாவோடு முடிவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. மூதாதையர் பெயர்களைத் தேடிப் பதிவு செய்வது அவர்களுக்கு ஒரு மதக் கடமை. 1894-லேயே இதற்காக ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்கள் சால்ட் லேக் சிட்டியில் அவர்களுடைய வம்சாவளி நூலகத்தைப் பார்த்திருக்கலாம். எந்த மதத்தவரும் அங்கே போய்த் தம் குடும்பத்தைத் தேடலாம்.

அவர்கள் மதத்தைப் புகழவோ பழிக்கவோ நான் இங்கே வரவில்லை. அவர்களுடைய முன்னோர்களில் ஒருவர், லீவை சாவேஜ் என்பவர், 1856-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்தப் பேச்சும், பேசிய பிறகு அவர் செய்ததும், பொதுக்குழு கூட்டம் நடத்துகிற நமக்கும் தெரிய வேண்டியவை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இந்த மனிதரை எடுத்துக்கொண்டேன்.

கதைக்கு முன் கொஞ்சம் பின்னணி. மார்மன் சபையை ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். போன இடமெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு தகராறு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 1844 ஜூனில் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846-இல் ஊரையே காலி செய்துகொண்டு மேற்கு நோக்கிக் கிளம்பினார்கள். பிரிகாம் யங் தலைமை ஏற்றார். 1847 ஜூலை 24 அன்று அவர் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார். யூட்டாவில் இன்றும் அந்த நாள் அரசு விடுமுறை.

லீவை சாவேஜ் 1820-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1846-இல் மெக்சிகோவோடு அமெரிக்கா போர் தொடுத்தபோது, மார்மன்களிலிருந்து சுமார் 500 பேர் கொண்ட ஒரு படை சேர்க்கப்பட்டது. சாவேஜ் அதில் சிப்பாய். ஐயோவா பக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவின் சான் டியேகோ வரை ஏறக்குறைய 2,000 மைல் நடை. பெரிய சண்டை எதுவும் இல்லை. நடந்ததுதான் அந்தப் படையின் சாதனை. பாலைவனம், மலை, பட்டினி எல்லாவற்றையும் காலால் அளந்து பார்த்த மனிதர் அவர். பின்னால் வரப்போகும் கதைக்கு இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படையிலிருந்து விடுபட்டு 1847 இறுதியில் சால்ட் லேக் வந்து சேர்ந்தார். 1848-இல் ஜேன் மாதர்ஸ் என்ற பெண்ணை மணந்தார். 1851 ஜனவரியில் ஒரு மகன் பிறந்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஜேன் இறந்துபோனார். கைக்குழந்தையோடு தனியாக நின்றார் சாவேஜ்.

மனைவி இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1852 ஆகஸ்டில் சபை மாநாடு. உலகின் பல நாடுகளுக்குச் சுமார் நூறு பேரைச் சமயத் தொண்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்து, பெயர்களை வாசித்தார்கள். முன்கூட்டியே யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. சாவேஜின் பெயரோடு வாசிக்கப்பட்ட நாடு சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. மொழி தெரியாது, அங்கே ஆள் யாரும் இல்லை, சம்பளமும் கிடையாது. வழிச் செலவைக்கூட இரந்தும் உழைத்தும்தான் தேடிக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுகூட நிரம்பாத மகனைத் தன் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டு அக்டோபரில் கிளம்பினார்.

அவரோடு சேர்ந்து மொத்தம் 13 பேர், 1853 ஜனவரி இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் ‘மான்சூன்’. ஏப்ரல் இறுதியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். இந்த இடத்தில்தான் நம் ஊரும் கதைக்குள் வருகிறது. அந்த 13 பேரில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் சென்னைக்கு வந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849-இல் சால்ட் லேக்கின் முதல் ஞாயிறு பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தியவர். சென்னையில் ஏறக்குறைய ஓராண்டு இருந்து ஒரு பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். ஆள் சேரவில்லை. இன்னும் இருவர் இலங்கைக்குப் போனார்கள். அங்கேயும் கதவு திறக்கவில்லை.

சாவேஜ் சயாம் போய்ச் சேரவே இல்லை. பர்மா வழியாகத் தரை மார்க்கமாகப் போகலாம் என்று நினைத்திருந்தார்கள். இரண்டாம் ஆங்கில-பர்மியப் போர் அந்த வழியை அடைத்துவிட்டது. அவருடன் வந்தவர்களில் எலாம் லடிங்டன் ஒருவர் மட்டும் 1854-இல் கடல் வழியாக பாங்காக் சென்றார். சாவேஜ் ரங்கூனிலும் மௌல்மீனிலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கி பர்மிய மொழி கற்றார். நம் பெரியவர்கள் பலருக்கு ரங்கூன் பழகிய பெயர். ஆனால் செட்டியார்களும் கூலிக்காரர்களும் கூட்டம் கூட்டமாகப் போன ரங்கூன் இன்னும் உருவாகவில்லை. போர் முடிந்து அடங்கிக்கொண்டிருந்த ஊர் அது. அமெரிக்கரான அடோனிராம் ஜட்சன் போன்ற பாப்டிஸ்ட் ஊழியர்கள் அங்கே ஏற்கெனவே வேரூன்றி இருந்தார்கள். மார்மன்கள் பலதார மணத்தை ஆதரிக்கிறார்கள் என்ற செய்தியும் இவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கேட்க ஆளில்லாத ஊரில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலம் முழுவதும் டைரி எழுதினார். பின்னால் அவர் குடும்பத்தாருக்கும் வரலாற்றாசிரியர்களுக்கும் அந்த டைரிதான் சொத்து.

பிறகு கல்கத்தா வந்து, கப்பல் ஏறி, 1856 தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பாஸ்டனில் இறங்கினார். மேற்கே கிளம்பியவர் உலகைச் சுற்றிக் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டார். வீடு இன்னும் பாதி அமெரிக்காவுக்கு அப்பால். மகனுக்கு ஐந்து வயதாகிவிட்டது.

இனி கைவண்டிக் கதை. ஐரோப்பாவில் சபையில் சேர்ந்த ஏழைகளை யூட்டாவுக்குக் கொண்டுவர 1849-இல் ஒரு குடியேற்ற நிதி தொடங்கியிருந்தார்கள். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு அதைப் படிக்கும்போது ஆர்வம் வராமல் இருக்குமா? அது ஒரு சுழல் நிதி. இன்று உனக்குக் கடன் கொடுத்துக் கூட்டி வருகிறோம். நீ வந்து உழைத்துத் திருப்பிக் கட்டு. அந்தப் பணத்தில் அடுத்தவரைக் கூட்டி வருகிறோம். திட்டம் நல்லதுதான். ஆனால் வந்தவர்களே வயிற்றுக்கு அல்லாடும்போது வசூல் எப்படி நடக்கும்? 1855-இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்து யூட்டாவின் விளைச்சலைக் கெடுத்தன. நிதியில் பணம் குறைந்தது; வர விரும்புகிறவர்கள் எண்ணிக்கையோ ஏறியது.

மாட்டு வண்டி வாங்கிக் கொடுக்க முடியாது. அதனால் பிரிகாம் யங் ஒரு யோசனை சொன்னார். ஆளே இழுத்துச் செல்லும் கைவண்டி. இரண்டு சக்கரம், ஒரு பெட்டி, முன்னால் பிடித்து இழுக்க ஒரு கட்டை. நம் சௌகார்பேட்டையில் மூட்டை இழுக்கிற கைவண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இலேசாக. ஐந்து பேருக்கு ஒரு வண்டி. ஆளுக்கு 17 பவுண்டு சாமான் மட்டும், அதாவது எட்டு கிலோகூட இல்லை. துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஐயோவா சிட்டியிலிருந்து சால்ட் லேக் வரை சுமார் 1,300 மைல்.

1856-இல் முதலில் கிளம்பிய மூன்று குழுக்கள் நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தன. நான்காவது குழுவுக்கு ஜேம்ஸ் வில்லி தலைவர். அதில் பெரும்பாலோர் ‘தார்ன்டன்’ கப்பலில் மே மாதம் லிவர்பூலிலிருந்து கிளம்பி வந்தவர்கள். ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், டென்மார்க்காரர் என்று சுமார் 500 பேர். வயதானவர்களும் விதவைகளும் குழந்தைகளும் நிறைய. மூன்று மாடி ஏறாதவர்களை இமயமலைக்கு அனுப்பியது போலத்தான். ஐயோவா சிட்டி வந்து பார்த்தால் வண்டிகள் தயாராகவில்லை. அவசர அவசரமாக, உலராத பச்சை மரத்தில் வண்டி செய்தார்கள். ஜூலை நடுவில்தான் கிளம்ப முடிந்தது. பாஸ்டனிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாவேஜ் இந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார். நூறு நூறு பேராகப் பிரித்ததில் இரண்டாவது நூறுக்கு அவர் பொறுப்பாளர்.

ஆகஸ்ட் 11 அன்று மிசௌரி ஆற்றங்கரையில் ஃபுளோரன்ஸ் என்ற இடத்துக்கு வந்தார்கள். இன்றைய நெப்ராஸ்காவில் இருக்கிறது. அதுதான் கடைசி ஊர். அதைத் தாண்டினால் ஆயிரம் மைலுக்கு மேல் புல்வெளியும் மலையும்தான். நடுவில் இரண்டொரு கோட்டைகள். இங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா, தொடர்ந்து போவதா? ஆகஸ்ட் 13 மாலை கூட்டம் போட்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஃபுளோரன்ஸிலிருந்து சால்ட் லேக் சுமார் 1,030 மைல். ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் தினம் 15 மைல் நடந்தாலும் 69 நாள் ஆகும். ஆகஸ்ட் 17-இல் கிளம்பினால் அக்டோபர் 25. அந்த மலைகளில் அக்டோபரிலேயே பனி விழத் தொடங்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலே இதுதான் நிலைமை. வண்டி உடைந்தால்? மாடு செத்தால்? ஆள் படுத்தால்? இந்தக் கணக்கு அங்கிருந்த பலருக்குத் தெரியாது. அந்தப் பாதையையே அவர்கள் பார்த்ததில்லை. குழுவில் அந்தப் பாதையை ஏற்கெனவே பார்த்தவர்கள் நான்கே பேர். அவர்களில் போக வேண்டாம் என்று சொன்னவர் சாவேஜ் ஒருவர்தான்.

அன்று நடந்ததை, அதே குழுவில் மற்றொரு நூறு பேருக்குப் பொறுப்பாளராக இருந்த ஜான் சிஸ்லெட் பின்னால் எழுதி வைத்தார். சாவேஜின் டைரியும் சொல்கிறது. சாவேஜ் பேச எழுந்தார். வயதானவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தில் மலையைக் கடக்க முடியாது. முழங்கால் அளவு பனியில் நடக்க வேண்டி வரும். மெல்லிய போர்வையைச் சுற்றிக்கொண்டு உறைந்த தரையில் படுக்க வேண்டி வரும். நோயும் சாவும் நிச்சயம் என்று சொன்னார். அப்போது அவர் கண்ணில் நீர் வழிந்ததாகச் சொல்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கிருந்த எல்லோரையும்விட ஊர் போக அவசரம் யாருக்கு இருந்திருக்கும்? நான்கு ஆண்டுகளாக மகனைப் பார்க்காத அப்பாவுக்குத்தானே? ஃபுளோரன்ஸில் தங்கினால் இன்னும் பல மாதம் தள்ளிப் போகும். அவர்தான் தங்கிவிடலாம் என்று சொன்னார். தன் ஆசைக்கு எதிராகப் பேசுகிறவன் பேச்சுக்குத் தனி எடை உண்டு. அன்று அந்த எடையை யாரும் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம். ஃபுளோரன்ஸில் 500 பேருக்கு வீடில்லை, வேலையில்லை, ஐந்தாறு மாதம் சோறு போடப் பணமும் இல்லை. தங்கினாலும் ஆபத்துதான். இறைவன் காப்பாற்றுவான், சிறு நம்பிக்கைக்காரர்கள் பேச்சைக் கேட்காதீர்கள் என்றார்கள் தலைவர்கள். வழியில் விழுகிற பனி முழுவதையும் நானே தின்றுவிடுகிறேன் என்று ஒருவர் பந்தயம் கட்டாத குறையாகச் சொன்னாராம். வாக்கெடுப்பு நடந்தது. போவது என்று பெரும்பான்மை முடிவு. சிலர் மட்டும் விலகித் தங்கிக்கொண்டார்கள்.

தோற்றவருக்கு இரண்டு வழி இருந்தது. தனியாளாகத் தங்கிவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அல்லது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே போய், ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லிக்கொண்டே வரலாம். சாவேஜ் இரண்டையும் செய்யவில்லை. தான் சொன்னது உண்மை என்பதில் மாற்றம் இல்லை என்று முதலில் தெளிவாகச் சொன்னார். ஆனால் நீங்கள் போவதென்று முடிவெடுத்துவிட்டதால் நானும் வருகிறேன், உங்களோடு உழைப்பேன், உங்களோடு கஷ்டப்படுவேன், தேவைப்பட்டால் உங்களோடு சாவேன் என்ற பொருள்படப் பேசி உட்கார்ந்தார்.

கிளம்பும்போது வண்டி ஒன்றுக்கு 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றைக் கூடுதலாக ஏற்றினார்கள். பச்சை மரச் சக்கரங்கள் வறண்ட காற்றில் சுருங்கிக் கழன்றன. அச்சு தேய்ந்தது. உயவு எண்ணெய் இல்லாமல் சாப்பிட வைத்திருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் பூசினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு இரவு காட்டெருமைக் கூட்டம் புகுந்ததில் அவர்களுடைய மாடுகளில் சுமார் 30 காணாமல் போயின. மாவு வண்டிகளை இழுக்க மாடு போதவில்லை. மீண்டும் ஒரு மூட்டை மாவு கைவண்டிகளின் மேல் ஏறியது.

செப்டம்பர் 12 அன்று, இங்கிலாந்தில் சபைப் பொறுப்பில் இருந்த ஃபிராங்கிளின் ரிச்சர்ட்ஸ் குதிரை வண்டிகளில் வேகமாகப் பின்னாலிருந்து வந்து சேர்ந்தார். ஃபுளோரன்ஸில் சாவேஜ் பேசியதைக் கேள்விப்பட்டு, எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். சாவேஜ் அதை டைரியில் குறித்துக்கொண்டார். மனம் புண்பட்டது தெரிகிறது. மறுநாள் காலை வழக்கம்போல் தன் நூறு பேரைக் கிளப்பிக்கொண்டு நடந்தார். எனக்கு இந்த மனிதரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். பனி வருவதற்கு முன்பு நடந்தது இது. அவர் சொன்னது சரி என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. பட்ட அவமானம் மட்டும்தான் கையில் இருந்தது.

லாரமி கோட்டையில் உணவு காத்திருக்கும் என்று நம்பினார்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. தினம் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராமாக இருந்த மாவுப் படி முக்கால் பவுண்டாயிற்று. பிறகு சராசரி பத்து அவுன்ஸ், நம் கணக்கில் 280 கிராம். நாள் முழுவதும் வண்டி இழுக்கிற ஆளுக்கு இரண்டு வேளை சப்பாத்தி மாவு. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.   பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இறந்துபோனார்கள்.

அக்டோபர் 19 அன்று இன்றைய வையோமிங் மாநிலத்தில், கடைசி மாவும் தீர்ந்த நாளில், பனிப்புயல் அடித்தது. சாவேஜ் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அப்படியே நடந்தது.

இதற்கிடையில் முன்னால் போன ரிச்சர்ட்ஸ் அக்டோபர் 4 அன்று சால்ட் லேக் சேர்ந்து, இன்னும் ஆயிரம் பேர் வழியில் இருக்கிறார்கள் என்று சொன்னார். பிரிகாம் யங் அதிர்ந்துபோனார். மறுநாள் மாநாட்டில் வேறு பேச்சே எடுக்கவில்லை. கோவேறு கழுதைகள் வேண்டும், 12 டன் மாவு வேண்டும், 40 வண்டியோட்டிகள் வேண்டும், உடனே வேண்டும் என்று கேட்டார். அக்டோபர் 7 அன்று முதல் மீட்புக் குழு கிளம்பிவிட்டது. தப்பு எங்கே நடந்தது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொண்டார்கள். முதலில் மாவு கிளம்பியது. குழுத் தலைவர் வில்லியையும் குறைத்துப் பேச முடியாது. பனியில் கோவேறு கழுதை ஏறித் தானே முன்னால் போய் மீட்புக் குழுவைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். அக்டோபர் 21 மாலை உதவி வந்தது.

அதோடு துன்பம் முடியவில்லை. 23-ஆம் தேதி ராக்கி ரிட்ஜ் என்ற மேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல். பனி, எதிர்க்காற்று, ஏற்றம். சாவேஜ் பின்வரிசையில், நடக்க முடியாதவர்களை ஏற்றிய வண்டிகளோடு இருந்தார். அந்த வண்டிகளில் இனி ஒருவரையும் ஏற்ற இடமில்லை. முன்னால் போனவர்கள் இரவு முகாம் சேர்ந்தும் பின்தங்கியவர்கள் வரவில்லை. திரும்பப் போய், விடியும்வரை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சிலர் கைகால் உறைந்து, சிலர் உயிர் பிரியும் நிலையில், சிலர் பிணமாக. மறுநாள் ராக் கிரீக் என்ற இடத்தில் 13 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். பிறகு இன்னும் இருவர்.

அந்த நாட்களைப் பற்றி எழுதும் சிஸ்லெட், வரப்போகும் துன்பத்தை முன்பே கண்டு சொன்ன அந்த மனிதரைவிட அதிகமாக அதைக் குறைக்கப் பாடுபட்டவர் யாரும் இல்லை என்ற கருத்தில் எழுதுகிறார். இந்த சிஸ்லெட் பின்னாளில் சபையை விட்டே விலகியவர். சபைத் தலைவர்கள்மீது கோபத்தோடு எழுதியவர். அவர் கொடுக்கும் நற்சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

1856 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, வில்லி குழு சால்ட் லேக் சேர்ந்தது. ஃபுளோரன்ஸிலிருந்து 84 நாள். வழியில் இறந்தவர்கள் சுமார் 70 பேர். அவர்களுக்குப் பின்னால் வந்த மார்ட்டின் குழுவின் நிலை இன்னும் மோசம். 135 முதல் 150 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. சாவேஜின் மகனுக்கு அப்போது ஆறு வயது ஆகப்போகிறது. அப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டே வளர்ந்த பிள்ளை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கைவண்டித் திட்டம் இதோடு நிற்கவில்லை. 1860 வரை மொத்தம் பத்துக் குழுக்கள், ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். மற்ற எட்டுக் குழுக்களில் இப்படி ஒரு பேரழிவு நடக்கவில்லை. வண்டி அதே வண்டிதான். இந்த இரண்டு குழுக்கள் மட்டும் மிகத் தாமதமாகக் கிளம்பின. சாவேஜ் கைவண்டியை எதிர்க்கவில்லை. தேதியைத்தான் எதிர்த்தார்.

பிறகு அவர் தெற்கு யூட்டாவில் டோக்கர்வில் என்ற ஊரில் விவசாயம் பார்த்து வாழ்ந்தார். அதே கைவண்டிக் குழுவில் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்த ஆன் கூப்பர் என்ற விதவையை 1858-இல் மணந்தார். அந்தக் காலத்து மார்மன் வழக்கப்படி பலதார மணமும் செய்துகொண்டார். பத்தாண்டுக்குப் பிறகு அவர் மணந்தது அதே ஆன் கூப்பரின் வளர்ந்த மகள்களை. நமக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. வாழ்க்கை வரலாறு சொல்ல வந்துவிட்டு நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது என்பதால் சொன்னேன். பின்னால் 1890-இல் சபையே அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1910 டிசம்பரில், 90 வயதில் சாவேஜ் காலமானார். 2011-இல் வந்த ‘செவன்டீன் மிராக்கிள்ஸ்’ என்ற திரைப்படத்தில் அவர்தான் முக்கியப் பாத்திரம். இன்றும் யூட்டாவின் இளைஞர்கள், முன்னோர் பட்டதைத் தெரிந்துகொள்வதற்காகவே கோடை விடுமுறையில் கைவண்டி இழுத்து நடக்கிறார்கள்.

இனி நம் விஷயம். நம் பொதுக்குழுவிலும் வாக்கெடுப்பு நடக்கிறது. லிஃப்டை மாற்றுவதா பழுது பார்ப்பதா, போர்வெல் போடுவதா லாரித் தண்ணீரே போதுமா, பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவதா என்று எத்தனையோ. உயிர் போகிற விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் நடந்துகொள்கிற விதத்தில் மூன்று வகை இருக்கிறது. தப்பென்று தெரிந்தும் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்து புலம்புவது ஒன்று. வாக்கெடுப்பில் தோற்றதும் ‘இனி இந்தச் சங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று கட்டணத்தை நிறுத்தி வைப்பது இன்னொன்று. திட்டம் தோற்க வேண்டும் என்று காத்திருப்பது மூன்றாவது. தோற்றால்தானே நம் பேச்சு சரியாகும்!

சாவேஜ் காட்டுகிற வழி இந்த மூன்றிலும் இல்லை. பேச வேண்டிய இடத்தில், பேச வேண்டிய நேரத்தில், முகத்துக்கு நேராகக் கணக்கோடு பேசினார். முடிவு எதிராக வந்தபோது தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் தன் கணக்கு பொய்யாக வேண்டும் என்பதற்காகவே இரவு பகலாக உழைத்தார். அது பொய்யாகியிருந்தால் அவரைவிட மகிழ்ந்திருப்பவர் யாரும் இருந்திருக்க முடியாது.

பெரும்பான்மைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. எதிர்த்துப் பேசுகிறவர் எல்லாம் முட்டுக்கட்டை போட வந்தவர் இல்லை. ஐந்நூறு பேர் கை தூக்கினாலும் பனி விழுகிற தேதி மாறாது. தனியாக எழுந்து நிற்கிறவரிடம் ‘உங்கள் நோக்கம் என்ன’ என்று கேட்பதற்கு முன் ‘உங்கள் கணக்கு என்ன’ என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அவர் ஆட்சேபணையைக் கூட்டக் குறிப்பேட்டில் பெயரோடு எழுதி வைப்பதும் அவருக்கு நாம் செய்கிற மரியாதை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாவேஜ் டைரி எழுதியதால்தான் 170 ஆண்டு கழித்து நாம் இங்கே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுகிறோம். நம் குடியிருப்பிலும் கதைகள் இருக்கின்றன. பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பாட்டி, கிராமத்தை விட்டு முதன்முதலில் பட்டணம் வந்த அப்பா என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். உங்களுக்குத் தெரிந்ததை இரண்டு பக்கம் எழுதுங்கள். கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும், தட்டச்சு செய்து தர நான் தயார். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொன்றாக வெளியிடலாம் என்று நம் ஆசிரியர் குழுவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் இன்று படிக்காவிட்டாலும் ஒருநாள் தேடுவார்கள்.